ஆறு விழும் வரை

பகடை சுழல்கிறது.

மூச்சு பாதியில் நிற்கிறது.

மூன்று.

மூச்சு வெளியே வருகிறது.

*

திரையில் லூடோ. நான்கு நிறம். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். நிறத்துக்கு நான்கு காய். 16 காயும் வீட்டுக்குள் இருக்கின்றன. ஆறு விழுந்தால் ஒன்று வெளியே வரலாம்.

விழவில்லை.

யாருக்கும் விழவில்லை. முறை மட்டும் மாறி மாறி வருகிறது.

*

நான்கு பேர் ஆடும்போது ஆடுவது கொஞ்சம், பார்ப்பதே அதிகம். கட்டைவிரல் ஒரு தட்டுத் தட்டுகிறது. காய் நகர்கிறது. முறை போய்விடுகிறது. அப்புறம் மூன்று பேர் உருட்டுவதைப் பார்க்க வேண்டும்.

ஆடலாம் என்றுதான் உட்கார்ந்தது. பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதுதான் நடக்கிறது.

*

சித்திரை மாதம். புதுக்கோட்டையில் இரவு 9 மணிக்கும் சுவர் அனல் விடுகிறது. மொட்டை மாடியில் சாயங்காலமே தண்ணீர் ஊற்றியாயிற்று. பாயை விரிக்கும் முன் உள்ளங்கையால் தரையைத் தொட்டுப் பார்க்கிறேன். இன்னும் சுடுகிறது.

போனும் சுடுகிறது.

கையின் சூடு எது, போனின் சூடு எது என்று கொஞ்ச நேரத்தில் பிரிக்க முடியவில்லை.

*

குடும்பத்துக்கு ஓர் அறை திறக்கிறோம். அறையின் எண் வாட்ஸ்அப்பில் போகிறது. ஒவ்வொருவராக வருகிறார்கள்.

தம்பி சிங்கப்பூரில். அங்கே 11.30. மச்சான் ஷார்ஜாவில். அங்கே 7.30. அக்கா கறம்பக்குடியில். அங்கேயும் 9.

ஒருவனுக்கு நாள் முடிந்துவிட்டது. ஒருவருக்கு இன்னும் சாப்பாடு ஆகவில்லை.

பகடை ஒன்றுதான்.

*

குரல் திறந்திருக்கிறது. யாரும் பேசவில்லை.

தம்பி பக்கம் ஃபேன், பக்கத்துக் கட்டிலில் யாருடையதோ குறட்டை. மச்சான் பக்கம் குக்கர். அக்கா பக்கம் பிள்ளைகள், டிவி, தூரத்தில் ஒரு நாய்.

இங்கே தென்னை ஓலை அசைகிறது. அது அவர்களுக்குக் கேட்குமா என்று ஓர் எண்ணம் வருகிறது. போகிறது.

*

ஆறு.

மார்புக்குள் ஏதோ எழுந்து உட்காருகிறது. காய் வெளியே வந்து முதல் கட்டத்தில் நிற்கிறது. இன்னும் ஓர் அடிகூட நடக்கவில்லை. அதற்குள் இவ்வளவு.

*

சுற்றுப்பாதையில் 52 கட்டம். அதில் 8 கட்டத்தில் நின்றால் யாரும் வெட்ட முடியாது. முதல் கட்டத்திலிருந்து நடுவீடு வரை ஒரு காய்க்கு 56 அடி.

புதுக்குளத்துக் கரையில் 56 அடி வைத்துப் பார்க்கிறேன். எண்ணத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடுகிறது.

திரையில் அதற்குப் பாதி இரவு போகிறது.

*

நட்சத்திரக் கட்டத்தில் காய் நிற்கிறது. தோள் தளர்கிறது.

தோள் இறுகியிருந்தது அப்போதுதான் தெரிகிறது.

*

வெளியே ஒரே ஒரு காய் இருந்தால், ஆறைத் தவிர எந்த எண் விழுந்தாலும் அதுதான் நகர வேண்டும். பத்திரமான கட்டத்திலிருந்து என் பகடையே என்னைக் கிளப்புகிறது. இரண்டு. பின்னால் நீலம் நிற்கிறது.

நிற்க ஆசை. நிற்க வழியில்லை.

*

வெட்டு.

காய் வந்த வழியே ஓடுகிறது. நடந்து கடந்த கட்டங்களையெல்லாம் ஒரு நொடியில் தொட்டுத் திரும்பி, வீட்டுக்குள் போய் நிற்கிறது.

தாடை இறுகுகிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. வெட்டிட்டான் என்று உதடு அசைகிறது. சத்தம் வரவில்லை.

இன்னும் கொஞ்சம் மூச்சு. தாடை விடுகிறது.

முறை இன்னும் வரவில்லை.

*

50 அடி நடந்த காயும், ஓர் அடியும் வைக்காத காயும் வீட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எது நடந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

*

வெட்டுகிறேன்.

இனிக்கிறது. தொண்டைக்குக் கீழே, கொஞ்சமாக.

அக்காவின் மஞ்சள் அது. அவள் பக்கம் ஒரு கணம் டிவி மட்டும் கேட்கிறது. பிறகு சிரிக்கிறாள்.

இனிப்பு இன்னும் இருக்கிறது. கூடவே வேறொன்றும் இருக்கிறது. அதற்குப் பெயர் வைக்கவில்லை.

*

நான்கு போனிலும் பகடை ஒரே கணத்தில் நிற்பதில்லை.

"அய்யோ" என்கிறாள் அக்கா. என் திரையில் இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது. எனக்கு விழுந்தது என்னவென்று அவளுக்கு முதலில் தெரிந்துவிட்டது.

அந்த இடைவெளியில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்து முடிந்தும் இருக்கிறது.

*

போன் பகடையில் எண் முதலில் முடிவாகிறது. சுழல்வது அதற்குப் பிறகு, கண்ணுக்காக.

இது தெரியும். தெரிந்தும் மூச்சு நிற்கிறது.

*

அம்மா பின்னால் வந்து நிற்கிறாள். மஞ்சள் தூள் மணம். திரையைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள்.

"நீலம் யாரோடது?"

"தம்பியோடது."

"வெட்டாத. பாவம், அங்க ஒத்தையில கெடக்குறான்."

எனக்கு நான்கு விழுந்திருக்கிறது. நீலம் நான்காவது கட்டத்தில் இருக்கிறது. வேறு காயை நகர்த்துகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல். "கவனிக்கலயா?"

"இல்ல."

*

முகம் தெரியாதவர்களோடு ஆடுகிற இரவுகளும் உண்டு. ஒருவருக்குப் பெயரின் இடத்தில் ரோஜாப் பூ. ஒருவருக்கு முருகன் படம். ஒருவருக்கு வெறும் புள்ளி.

எந்த ஊர், என்ன மொழி, தெரியாது. நிறம் தெரியும். பகடையைத் தட்டும் வேகம் தெரியும்.

ரோஜா உடனே தட்டுகிறார். முருகன் யோசிக்கிறார்.

*

ரோஜா என்னை வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. வேறு காய் நகர்கிறது.

கவனிக்கவில்லையா. அவருக்குப் பின்னாலும் யாராவது வந்து நின்றார்களா.

நன்றி எழுகிறது. போய்ச்சேர இடம் இல்லாமல் கொஞ்ச நேரம் இருக்கிறது.

*

சமையலறை அலமாரியில் இரண்டு தாயக்கட்டை. பித்தளை. புளி போட்டுத் தேய்த்து ரொம்ப நாளாயிற்று. நீளமான நான்கு முகம். மூன்று முகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள். நான்காவது முகத்தில் ஒன்றும் இல்லை.

இரண்டு கைக்கும் நடுவில் வைத்து உருட்டுகிறேன். பித்தளை முதலில் குளிர்கிறது. பிறகு கையின் சூடு அதற்கு வருகிறது. சிமெண்ட் தரையில் விட்டால் சத்தம் தெருவரை போகிறது.

போன் பகடைக்கும் சத்தம் உண்டு. அது எந்தத் தரையில் விழுந்த சத்தம்?

*

தாயத்தில் ஆறு விழ வேண்டியதில்லை. ஒன்று விழ வேண்டும். ஒரு கட்டையில் ஒரு புள்ளி, மறு கட்டையில் வெறுமை. இரண்டு கட்டையும் விழக்கூடிய 16 விதத்தில் தாயத்துக்கு இரண்டே விதம். எட்டில் ஒரு வாய்ப்பு.

லூடோவில் ஆறில் ஒரு வாய்ப்பு.

திண்ணையில் ஆடிய தாயக் காய்கள் இன்னும் அதிக நேரம் காத்திருந்தன.

*

இரண்டு கட்டையும் வெறும் முகம் காட்டி விழுந்தால் அது ஒன்றுமில்லை என்று கணக்கு இல்லை. பன்னிரண்டு. ஆட்டத்திலேயே பெரிய எண். மறுபடி உருட்டவும் கிடைக்கும்.

*

திண்ணையில் சாக்பீஸ் கட்டம். கட்டை பெரியவர்களிடம் இருக்கிறது. பிள்ளைகள் கட்டைக்குப் பதில் புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்து ஒரு பக்கத்தை வெள்ளையாக்குகிறார்கள். தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சுடுகிறது. அதை அடுத்தவர் முழங்கையில் வைத்து எடுக்கிறார்கள். கத்தல். சிரிப்பு. ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை.

*

வைகுண்ட ஏகாதசி இரவில், தூங்காமல் இருக்கப் பரமபதம் ஆடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் படத்தில் பாம்புகளுக்கு அசுரர் பெயர்கள். சறுக்கியதற்கு ஒரு காரணம் படத்திலேயே எழுதியிருக்கிறது.

இங்கே எழுதியிருக்கவில்லை. நான்கு விழுந்தது. நான்காவது கட்டத்தில் ஒரு காய் இருந்தது.

*

ஃபதேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் பச்சீசிக் கட்டம் கல் தரையிலேயே இருக்கிறது. சோழி குலுக்கி ஆடுகிற ஆட்டம். அது கடல் தாண்டிப் போகிறது. 1890-களில் இங்கிலாந்தில் லூடோ என்ற பெயரில் காப்புரிமை பெறுகிறது. சோழியின் இடத்துக்கு ஆறுமுகப் பகடை வருகிறது. 2016-ல் நவி மும்பையில் ஒரு நிறுவனம் அதைப் போனுக்குள் வைக்கிறது. லூடோ கிங்.

நான்கு கையும் நடுவில் வீடும் அப்படியே இருக்கின்றன.

*

கீழடி மண்ணிலிருந்து தந்தப் பகடை கிடைத்திருக்கிறது.

மண்ணுக்குள் போகும்போது எந்த முகம் மேலே இருந்தது?

*

மற்ற மூவரின் காய்களும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. என்னுடைய நான்கும் வீட்டுக்குள்.

இனி விழுந்தாக வேண்டும் என்று ஓர் எண்ணம்.

10 முறை உருட்டியும் ஆறு விழாமல் போக நூற்றுக்குப் 16 வாய்ப்பு. அரிதே இல்லை. அதற்கு அடுத்த உருட்டலுக்கும் ஆறில் ஒன்றுதான். பகடைக்கு முன்கதை கிடையாது.

கணக்கு தெரிகிறது. எண்ணம் எழுந்து போகவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

*

"வேணும்னே எனக்கு மட்டும் விழ மாட்டேங்குது." அக்கா.

யார் வேண்டுமென்று செய்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

"ம்" என்கிறார் மச்சான்.

*

கட்டைவிரலை விட்டுச் சுட்டுவிரலால் தட்டுகிறேன். போனை இடது கைக்கு மாற்றுகிறேன். கிழக்குப் பார்த்து உட்காருகிறேன்.

பயன் இல்லை என்று தெரிந்தே உடம்பு இதையெல்லாம் செய்கிறது. தடுக்கவில்லை.

*

அறந்தாங்கி பஸ். ஜன்னலுக்கு வெளியே தைலமரங்கள். ஒரே உயரம், ஒரே இடைவெளி. நடுவில் செம்மண் தெரிகிறது, மறைகிறது.

பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பையன். அவன் மடியில் போன், அதில் அதே பலகை. பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்புகிறேன். கண் போகிறது.

அவன் உருட்டுகிறான். என் மூச்சு நிற்கிறது.

*

ஊருக்கு ஊர் நடுவில் டவர் போகிறது. பையன் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறான். தைலமரங்கள் முடிந்து முந்திரி வருகிறது. இறக்குகிறான்.

ஆட்டம் அவனை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அவன் திட்டவில்லை. ஹெட்போனைக் காதில் செருகிக் கண்ணை மூடுகிறான்.

*

வீட்டுக்குள் கரண்ட் போகிறது. தெரு முழுக்க ஒரே குரலில் ஓ என்கிறது.

ஃபேன் நின்ற பிறகுதான் இத்தனை நேரம் அது சத்தம் போட்டுக்கொண்டிருந்தது தெரிகிறது.

வைஃபை இல்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. இந்நேரம் என் முறை வந்திருக்கும். போயிருக்கும். நான் இல்லாத பலகையில் என் காய்கள் நிற்கின்றன.

கழுத்தில் வியர்வை இறங்குகிறது. அது போகிற வழி தெரிகிறது.

*

2018 நவம்பர் 16. கஜா புயல்.

அதற்குப் பிறகு ஆலங்குடிப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தென்னையும் பலாவும் வேரோடு கிடக்கின்றன. ஜெனரேட்டர் வந்தால் போனுக்குச் சார்ஜ் ஏற்ற வரிசை.

இருட்டிய பிறகு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம். அணைந்த போன் கையில் இருக்கிறது. கட்டைவிரல் கறுத்த கண்ணாடியைத் தட்டுகிறது. ஒன்றும் வராது என்று அதற்கும் தெரியும்.

*

2020 மார்ச் 25. ஊரடங்கு. நாடு முழுக்க வீட்டுக்குள். கீழ ராஜ வீதியில் நண்பகலில் ஆள் இல்லை. ஒரு மாடு தெருவின் நடுவில் படுத்திருக்கிறது.

எதிர் ஜன்னலிலிருந்து பகடைச் சத்தம். பக்கத்து வீட்டிலிருந்தும். அதற்கு அடுத்த வீட்டிலிருந்தும். ஒரே சத்தம். வேறு வேறு எண்கள்.

*

பக்கத்து வீட்டு அம்மா. 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, இந்த மாவட்டத்துப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். அவரும் ஏறினார். முழங்காலில் அந்த நாளின் தழும்பு இருக்கிறது.

இப்போது பேரனின் போனில் பச்சைக் காய். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கருகில் கொண்டுவந்து எண்ணைப் பார்க்கிறார்.

வெட்டுப்பட்டால் போனைக் கவிழ்த்து வைக்கிறார். கீரை ஆய்கிறார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்த்திப் பார்க்கிறார்.

*

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் நகராமல் நிற்கின்றன. பலகையில் சுத்தியல் படும் சத்தம். பெயிண்ட் வாடை. காய்ந்த வலையின் வாடை.

நிழலில் நான்கு தலை. நடுவில் ஒரே போன். நெட் வேண்டாம். ஒருவர் உருட்டிவிட்டுப் போனையே அடுத்தவரிடம் நீட்டுகிறார். வாங்குகிற கையில் வலைக்காரரின் தழும்புகள்.

திரையில் வெயில். எண் தெரியவில்லை.

"அஞ்சா, ஆறா?"

"அஞ்சு."

நம்புகிறார்கள்.

*

ஒருவர் மட்டும் ஆடவில்லை. படகின் நிழல் நகர நகர அவரும் நகர்ந்து உட்காருகிறார். கடலைப் பார்க்கவில்லை. ஆட்டத்தையும் பார்க்கவில்லை.

எதைப் பார்க்கிறார் என்று பார்க்கிறேன். அங்கே ஒன்றும் இல்லை.

*

டீக்கடை. பெஞ்சில் இடம் விட்டு உட்காருகிறார் ஒருவர். எட்டிப் பார்க்கிறார்.

"காசு வெச்சா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு?"

பதில் தேடுகிறேன். டீயில் ஆடை படிகிறது. அவர் தினத்தாளைப் பிரித்துவிட்டார்.

*

காசு வைத்து ஆடி, கடன் ஏறி, உயிரை விட்டவர்களின் வீடுகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. 2022-ல் சட்டசபை ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக ஒரு சட்டம் இயற்றுகிறது. 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் வருகிறது. 2025-ன் விதிகளில், காசு ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட முடியாத வெற்று நேரம். அதே ஆண்டு ஆகஸ்டில், ஆன்லைன் காசு ஆட்டங்களையே தடுக்கும் சட்டம் நாடு முழுவதற்கும் வருகிறது.

இந்தப் பலகையில் காசு இல்லை. திரையின் மூலையில் சில எண்கள் ஏறுகின்றன, இறங்குகின்றன. அவற்றைக் கொண்டு ஒரு டீ வாங்க முடியாது.

இறங்கும்போது வயிற்றில் ஏதோ இறங்குகிறது.

*

12 மணி தாண்டுகிறது. மாடியிலிருந்து பார்த்தால் தெருவில் ஒரு ஜன்னலில் மட்டும் நீல வெளிச்சம். அசைகிறது.

இந்த மாடியையும் யாராவது பார்க்கலாம்.

*

ஓர் எறும்பு திரையில் ஏறுகிறது. பச்சை வீட்டில் கால் வைத்து, நடுவீட்டை நேராகக் கடந்து, நீலத்தின் பக்கம் இறங்குகிறது. எதற்கும் நிற்கவில்லை.

விரலைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். என் முறைக்கான வட்டம் தேய்கிறது. தேய்ந்துவிட்டது.

எறும்பு பாயின் கோரைக்குள் போகிறது.

*

சித்தன்னவாசல். ஏழடிப்பட்டம். குகைக்குள் 17 கல் படுக்கைகள். தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழி எழுத்துகள். சுமார் 2,000 ஆண்டுப் பழமை. சமணத் துறவிகள் கிடந்த இடம்.

வழவழப்பான கல்லில் வெளிச்சம் நிற்காமல் போகிறது. காற்று குகைக்குள் வந்து திரும்புகிறது.

பையில் போன் அதிர்கிறது. அறைக்கு யாரோ கூப்பிடுகிறார்கள். நிற்கிறது. மறுபடி அதிர்கிறது.

எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்றும் இல்லை.

*

இறங்கும்போது பாறை சுடுகிறது. செருப்பின் அடி வழியாகச் சூடு வருகிறது. நாலு பக்கமும் வெளி. தூரத்தில் இன்னொரு குன்று.

ஆடாத ஓர் ஆட்டத்தில் என்ன விழுந்திருக்கும் என்று மனம் உருட்டிப் பார்க்கிறது. கையில் போன் இல்லை. கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தட்டுகிறது.

*

ஒரு காய் பழமாகிறது. நடுவீட்டில் வண்ணத்தாள் பறக்கிறது. கொஞ்சம் இசை.

மற்ற மூன்றும் அங்கங்கே நிற்கின்றன. பழமானதற்கு இனி பகடை வேண்டாம். எந்த எண்ணும் அதை நகர்த்தாது.

பார்வை அதன் மேல் ஒரு கணமும் நிற்கவில்லை. மற்ற மூன்றின் மேல் போய்விட்டது.

*

வெற்றி.

முழுத்திரையும் பொன் நிறம். மார்பு அகல்கிறது. அகன்றபடி இருக்கப் பார்க்கிறது. முடியவில்லை. சின்னதாகிறது.

கீழே ஒரு பொத்தான். மறுபடி ஆடலாம்.

*

தோல்வி.

அதே இடத்தில் அதே பொத்தான். விரல் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

*

தம்பியின் முறை. அவன் படத்தைச் சுற்றி வட்டம் தேய்கிறது. தட்டவில்லை. அடுத்த சுற்றிலும் தட்டவில்லை.

குரல் திறந்தே இருக்கிறது. அந்த அறையில் இப்போது இரண்டு குறட்டை.

"தூங்கிட்டான்" என்கிறாள் அக்கா. மெதுவாகச் சொல்கிறாள், அவன் தன் பக்கத்தில் படுத்திருக்கிறான் என்ற நினைப்பில்.

காலையில் 5 மணிக்கு அவனை வேலைக்கு ஏற்றிப்போக லாரி வந்துவிடும்.

*

அவன் முறை வரும்போதெல்லாம் மூவரும் வட்டம் தேயும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறோம். நீலக் காய் நடு வழியில் நிற்கிறது.

மச்சானுக்கு ஐந்து விழுகிறது. ஐந்தாவது கட்டத்தில் நீலம்.

குக்கர் சத்தம் நின்று ரொம்ப நேரமாகிவிட்டது. ஷார்ஜாவில் ஒரு தட்டு வைக்கப்படுகிறது.

மச்சான் இன்னும் தட்டவில்லை.

*

வேறொரு காய் நகர்கிறது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

*

என் கடைசிக் காய். வீட்டுக்கு ஒரே கட்டம். ஒன்று விழ வேண்டும். அதைவிடப் பெரிய எதுவும் உதவாது.

ஐந்து. நிற்கிறது.

நான்கு. நிற்கிறது.

இத்தனை நேரம் ஏக்கமாக இருந்த எண்கள் வருகின்றன. எதற்கும் ஆகாமல் போகின்றன. அவை அதே எண்கள்தான்.

*

வேண்டும் என்பதும் இருக்கிறது. வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்பதும் இருக்கிறது. இது முடிந்தால் அறை மூடும். நான்கு ஊரின் சத்தமும் போகும்.

மேலே விமான வெளிச்சம் ஒன்று தெற்கே போகிறது. தென்னை மறைக்கிறது. விடுகிறது.

முறை அக்காவுக்குப் போகிறது.

*

அக்காவுக்கு ஆறு. இன்னொரு உருட்டல் உண்டு. மறுபடி ஆறு. கறம்பக்குடியில் டிவி அணைகிறது.

மூன்றாவதும் ஆறானால் முறை கைமாற வேண்டும். அதுதான் விதி. தொடர்ந்து மூன்று ஆறு விழ 216-ல் ஒரு வாய்ப்பு. அது முதல் உருட்டலுக்கு முன்னால் போடும் கணக்கு. இரண்டு விழுந்துவிட்ட பிறகு, மூன்றாவதற்கு ஆறில் ஒன்று.